ரெண்டு கஷ்டம், ஒரே பென்ஷன்: கைம்பெண் ஓய்வூதியமும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் வந்த வழி

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமம். தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஊரின் கடைசியில் எங்கள் மக்களின் காலனி. அங்கே ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். மஞ்சி மில்லில் மட்டை போடும்போது மெஷின் அவருடைய வலது கையை இழுத்துக்கொண்டது. நான்கு விரல்கள் போயின. மில் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு விஷயம் முடிந்தது. பல ஆண்டு அலைந்து ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கினார். கணவர் தோப்புகளில் மரம் ஏறிக் காய் போடுபவர். ஒரு மழைக்கால காலையில் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து, கைம்பெண் ஓய்வூதியத்துக்கு மனு எழுதிக்கொண்டு அக்காவுடன் அலுவலகம் போனோம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் விதி ஒன்றுதான். “ஏற்கெனவே ஊனமுற்றோர் பணம் வருதே. ஒருத்தருக்கு ஒரு பென்ஷன்தான். இது வேணுமா, அது வேணுமா?” என்று கேட்டார்கள். திட்டவில்லை, விரட்டவில்லை. விதியைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்சில் அக்கா கேட்டார்: “ஏங் கண்ணு, கை போனது ஒரு கஷ்டம். அவரு போனது ஒரு கஷ்டம். ரெண்டையும் சேத்தி ஒரே கஷ்டம்னு எப்படிப் போடறாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. நம் மாணவர்களும் களத்தில் நிற்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிக்க வேண்டும். அக்காவின் கேள்வி ஒரு அலுவலகத்தின் கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சாதி இருக்கிறது.

இரண்டு பாதைகள்

இந்தியாவில் ஓர் உழைப்பாளிக்கு நோய் வந்தாலோ, உறுப்பு போனாலோ, துணை இறந்தாலோ பணம் வருவதற்கு இரண்டு பாதைகள் உண்டு.

ஒன்று, சந்தா கட்டி வாங்குவது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். துன்பம் வந்தால் சட்டப்படி பணம் வருகிறது. வாங்குபவர் ஏழையா, பணக்காரரா, மகன் இருக்கிறானா, ஓட்டு வீடா, காரை வீடா என்று யாரும் கேட்பதில்லை. இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி எல்லாம் இந்தப் பாதை.

இன்னொன்று, ஏழ்மையைக் காட்டி வாங்குவது. நம் ஊர்களில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று சொல்கிறோமே, அது. இதற்கு நீங்கள் ‘ஆதரவற்றவர்’ என்று நிரூபிக்க வேண்டும். வி.ஏ.ஓ. எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் எழுத வேண்டும், தனி வட்டாட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். ஆதரவற்றவர் என்பது ஒருவருடைய நிலை. ஒரு ஆளுக்கு ஒரு நிலைதான் இருக்க முடியும் என்பது அதன் கணக்கு. ஊனத்தால் ஆதரவற்றவர் ஆகிவிட்டால், கணவர் இறந்ததால் மறுபடியும் ஆதரவற்றவர் ஆக முடியாது. அக்காவின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்.

ஆனால் இந்தப் பதில் போதாது. யார் முதல் பாதையில் போனார்கள், யார் இரண்டாவது பாதையில் நிறுத்தப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

அம்பேத்கர் மேசையில் இருந்த கோப்பு

1923-இல் ஆங்கிலேய அரசு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையில் அடிபட்டாலோ இறந்தாலோ முதலாளி ஒரு தொகை கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு முறை கொடுக்கும் தொகை. தொழிலாளியே முதலாளி மேல் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். சாதாரண நோய்க்கு அதில் எதுவும் இல்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் பேராசிரியர் பி.பி. அதார்கர் தொழிலாளர்களுக்கான நோய்க்காப்பீடு பற்றி ஆராய்ந்து 1944-இல் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் வந்த சட்டம் 1948 ஏப்ரலில் இ.எஸ்.ஐ. சட்டமாக ஆனது. அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் ஜெகஜீவன் ராம். சமூகக் காப்பீட்டின் அடித்தளம் போடப்பட்ட ஆண்டுகளில் அந்தத் துறையை வைத்திருந்த இருவரும் தலித் தலைவர்கள். இது நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. தொடங்கியது. 1955-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. முதலில் வந்த ஊர் நம் கோயம்புத்தூர்தான். பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வளர்ந்த பஞ்சாலைகள் அப்போது ஊரைச் சுற்றி நின்றன.

அந்தச் சட்டத்தில் நம் கேள்விக்கு என்ன பதில் இருந்தது என்று பாருங்கள். வேலையில் அடிபட்டுத் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு ‘சார்ந்தோர் உதவி’ மாதாமாதம் வரும். இன்றைய கணக்கில் முழு விகிதம் என்பது சராசரிக் கூலியில் 90 சதவீதம். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு ஒரு பிள்ளைக்கு. மொத்தம் முழு விகிதத்தைத் தாண்டக்கூடாது, பிள்ளைகள் அதிகமானால் பங்கு குறையும்.

இப்போது அந்த மனைவியும் ஒரு மில்லில் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? கணவரின் பென்ஷன் வருகிறதே என்று அவருடைய நோய்க்கால உதவியை நிறுத்துவார்களா? மாட்டார்கள். 1948 சட்டத்தின் 65-ஆம் பிரிவு எந்தெந்த உதவிகளை ஒரே காலத்தில் சேர்த்து வாங்கக்கூடாது என்று எண்ணிச் சொல்கிறது. நோய்க்கால உதவியும் மகப்பேறு உதவியும் சேரக்கூடாது. நோய்க்கால உதவியும் தற்காலிக ஊன உதவியும் சேரக்கூடாது. மகப்பேறு உதவியும் தற்காலிக ஊன உதவியும் சேரக்கூடாது. அவ்வளவுதான். இறந்த கணவருக்காக வரும் சார்ந்தோர் உதவி அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவரின் தினக்கூலி 500 ரூபாய். முழு விகிதம் 450. ஒரே பிள்ளை. மனைவிக்கு நாளுக்கு 270, பிள்ளைக்கு 180. மனைவியின் சொந்தக் கூலி 400. நோய்வாய்ப்பட்டால் அதில் 70 சதவீதம், அதாவது 280 ரூபாய், ஆண்டுக்கு 91 நாள் வரை. அந்த நாட்களில் அவர் கைக்கு 270-உம் 280-உம் சேர்ந்து 550 ரூபாய் வரும். ஒன்று இன்னொன்றைத் தின்னாது. ஏனென்றால் 270 கணவரின் உழைப்பிலிருந்து வந்தது, 280 அவருடைய சொந்த உழைப்பிலிருந்து வந்தது. கணவர் வேலையில் அடிபட்டு இறக்காமல் நோயில் இறந்திருந்தாலும், வைப்பு நிதியின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதற்காகவும் அவருடைய நோய்க்கால உதவி குறையாது.

அக்கா கேட்ட கேள்விக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதில் இருந்திருக்கிறது. ரெண்டு கஷ்டம் என்றால் ரெண்டு கணக்கு.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

அப்படியானால் அக்காவுக்கு ஏன் அந்தப் பதில் கிடைக்கவில்லை? சட்டம் யாருக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்த இடத்தில்தான் அவர் வெளியே தள்ளப்பட்டார்.

சட்டம் முதலில் ஆண்டு முழுதும் நடக்கும், மின்சாரத்தில் ஓடும், 20 பேர் கொண்ட தொழிற்சாலைகளுக்குத்தான் வந்தது. ‘பருவகாலத் தொழிற்சாலை’களுக்குக் கிடையாது. எவை பருவகாலத் தொழிற்சாலை? பஞ்சு அரைத்துக் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலை, நிலக்கடலை உடைக்கும் ஆலை, காபி, ரப்பர், சர்க்கரை, வெல்லம், தேயிலை செய்யும் ஆலைகள். இந்தப் பட்டியலைப் படித்தால் பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும். கடலை, பஞ்சு, வெல்லம், மேலே வால்பாறையில் தேயிலை. கோவை மில்லுக்கு வந்த சட்டம் 40 கிலோமீட்டர் தெற்கே வரும்போது வாசலிலேயே நின்றுவிட்டது.

விவசாயக் கூலிகளைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை. கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைகளில் பண்ணையாளாக, ஆண்டுக் கூலிக்கும் தவசப் படிக்கும் வேலை செய்தவர்கள் யார்? பெரும்பாலும் அருந்ததியர். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு முதலாளி–தொழிலாளி என்ற உறவே காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாதவருக்குச் சந்தா ஏது? சந்தா இல்லாதவருக்கு உரிமை ஏது?

வால்பாறை இன்னொரு கதை. ஆனைமலைக் காட்டை அழித்துத் தேயிலை போட, சமவெளி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களை ஏற்றி வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அங்கே எஸ்டேட் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய ஆங்கில நாவல்தான் பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேளின் தமிழில் வந்தது. அந்த மக்களுக்கு 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மருத்துவமும் நோய்க்கால உதவியும் அதில் உண்டு. ஆனால் கொடுப்பது அரசுக் காப்பீடு அல்ல, எஸ்டேட் நிர்வாகம். வேலை போனால் வீடும் போகும், ஆஸ்பத்திரியும் போகும், உதவியும் போகும்.

எல்லா மில் தொழிலாளியும் மேல்சாதி, எல்லா வயல் தொழிலாளியும் தலித் என்று நான் சொல்லவில்லை. கோவை மில்களில் நம் மக்களும் வேலை செய்தார்கள், சங்கம் கட்டினார்கள், சிறைக்குப் போனார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் நின்ற இடம் வயல், தோப்பு, எஸ்டேட், சாக்கடை. சட்டம் எங்கே கோடு போட்டதோ, அந்தக் கோடு சாதிக்கோட்டின் மேலேயே விழுந்தது. அது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

‘ஆதரவற்ற’ என்ற சொல்

வெளியே நின்றவர்களுக்காக வந்தது இரண்டாவது பாதை. 1962 ஏப்ரல் 1 அன்று காமராஜர் ஆட்சியில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1974 நவம்பரில் ஆதரவற்ற ஊனமுற்றோர் ஓய்வூதியம். 1975 ஜூனில் ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியம். 1981 மார்ச்சில் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம். 1986 ஏப்ரலில் கணவரால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம்.

இந்தியாவில் பல மாநிலங்கள் இதைப் பற்றி யோசிக்காத காலத்தில் தமிழ்நாடு செய்தது. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. நம் பாட்டிமார்கள் கஞ்சி குடித்தது அந்தப் பணத்தில்தான். ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் முன்னாலும் நிற்கும் ‘ஆதரவற்ற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தில் ஒரு கொள்கை இருந்தது. உதவி வாங்குபவரின் நிலை, மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் நிலையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் யாரும் வேலைக்கு வரமாட்டார்களாம். அதே வாடை நம் மனுப்படிவங்களிலும் அடிக்கிறது. “மகன் இருக்கானா? வீடு யார் பேர்ல? வேற பென்ஷன் வருதா?” இந்தக் கேள்விகள் எல்லாம் உங்கள் இழப்பு என்ன என்று கேட்பவை அல்ல. உங்களுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவை.

1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசும் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2009-இல் அதில் கைம்பெண்களும் கடும் ஊனமுற்றோரும் சேர்க்கப்பட்டார்கள். 2012 முதல் இந்த இரண்டு பிரிவுக்கும் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதுவும் 80 சதவீத ஊனம் இருந்தால்தான். 300 என்பது அதன்பின் ஏறவே இல்லை. மிச்சத்தை மாநிலம் போடுகிறது.

கையின் விலை 300 ரூபாய்

2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 24-ஆம் பிரிவில் ஒரு முக்கியமான வரி உண்டு. மற்றவர்களுக்கு உள்ள அதே மாதிரியான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஏன் கூடுதல்? ஊனம் என்பது வருமானம் போவது மட்டுமல்ல, செலவு கூடுவதும்தான். பஸ் போகாத ஊரிலிருந்து ஆட்டோவில் போக வேண்டும், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும், அவருடைய ஒரு நாள் கூலியும் போகும். இதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சாலையில் உட்கார்ந்து போராடிய பின்னால், 2023 ஜனவரி முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1000-லிருந்து 1500 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து முதியோர், கைம்பெண் ஓய்வூதியங்கள் 1200 ஆயின. 1200-இல் 25 சதவீதம் 300. இரண்டும் சேர்ந்தால் சரியாக 1500. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தில் பைசா சுத்தமாக நின்றது கணக்கு.

அக்காவின் நிலைக்கு வருவோம். அவர் 1500 வாங்குகிறார். கைம்பெண் என்ற வகையில் மட்டும் வாங்கியிருந்தால் 1200. அப்படியானால் போன நான்கு விரல்களுக்கு மாதம் 300 ரூபாய். இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். கணவர் உயிரோடு இருந்தபோதும் 1500, இறந்த பிறகும் 1500. அப்படியானால் கணவரின் இறப்புக்கு அரசுக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். எப்படிக் கூட்டினாலும் இரண்டில் ஒன்று தொலைகிறது.

இதே நேரத்தில் 2023 செப்டம்பர் 15-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தது. முதலில் ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்துக்கே கிடையாது என்றிருந்தது. பின்னர் அதே குடும்பத்தில் ஓய்வூதியம் வாங்காத மற்ற பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். நல்லது. ஆனால் ஓய்வூதியம் வாங்கும் பெண்ணுக்கு அது கிடையாது. பெயரிலேயே ‘உரிமை’ என்று வைத்த தொகைகூட அக்காவுக்கு வரும்போது ‘ஏற்கெனவே வருதே’ ஆகிவிட்டது.

எதிர்வாதத்தையும் கேட்போம்

நேர்மையாகப் பேச வேண்டும் என்றால், ‘ஒருவருக்கு ஒன்று’ என்ற விதிக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்து, அதன்மேல் கட்டப்பட்ட காப்பீட்டு முறையிலேயே இந்த விதி உண்டு. கைம்பெண் ஓய்வூதியமும் நோய்க்கால உதவியும் இரண்டுமே இழந்த வருமானத்துக்கு ஈடு. ஒரு ஆளுக்கு ஒரு வருமானம்தான், எனவே ஒரு ஈடுதான், இரண்டையும் முழுதாகக் கொடுக்க முடியாது என்பது வாதம். நிதி குறைவு, வாங்காதவர் இன்னும் வரிசையில் நிற்கிறார், ஒருவருக்கே இரண்டு எதற்கு என்றும் கேட்பார்கள்.

முதல் வாதத்துக்குப் பதில்: ஈடு என்றால் ஈடாக இருக்க வேண்டும். 1500 ரூபாய் என்பது ஒரு நாளைக்கு 50 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். மாத ஓய்வூதியம் ஐந்து நாள் கூலிக்கும் குறைவு. எந்த வருமானத்துக்கு இது முழு ஈடு? ஒரு முழு ஈடு கொடுத்துவிட்டு இரண்டாவதை மறுத்தால் விவாதிக்கலாம். கால் ஈடுகூட இல்லாத இடத்தில் ‘இரட்டைப் பலன்’ என்ற பேச்சே பொருந்தாது. தவிர, அக்காவின் வீட்டில் போனது இரண்டு ஆட்களின் இரண்டு வருமானம்.

இரண்டாவது வாதத்துக்குப் பதில்: வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்க, வரிசையில் நிற்கும் இன்னொருவரிடமிருந்தே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் நீதிமன்றங்களும் வேறு இடங்களில் இதைச் சரியாகப் பிரித்துப் பார்த்திருக்கின்றன. 1998-இல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில், விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கும்போது குடும்ப ஓய்வூதியம், வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு ஆகியவற்றைக் கழிக்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அவை இறந்தவர் உழைத்துச் சேர்த்தவை, விபத்தால் வந்த லாபம் அல்ல. 2002 டிசம்பரில் மஸ்தான் பீ வழக்கு. கணவர் ரயில்வே கேங்மேன், 1969-இல் பணியில் இருக்கும்போதே இறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டென்றே தெரியாது. பல ஆண்டு கழித்துக் கேட்டபோது, தாமதமாகக் கேட்டதற்காகப் பழைய காலத்துக்குத் தரமுடியாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை கொடுத்தவரின் கடமை என்று சொல்லி, கணவர் இறந்த நாளிலிருந்தே கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில், சாக்கடையில் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனமானால் குறைந்தது 20 லட்சம் என்று தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்புகளில் எதுவும் அக்காவின் ஓ.ஏ.பி. பணத்தை நேரடியாக மாற்றாது. ஆனால் ஓர் எண்ணத்தை நமக்குக் கொடுக்கின்றன. ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு வேர் உண்டு. வேர் வேறென்றால் கணக்கும் வேறு.

‘மறுமணம் வரை’

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யின் சார்ந்தோர் உதவி ஆனாலும், வைப்பு நிதியின் கைம்பெண் ஓய்வூதியம் ஆனாலும், வருவாய்த் துறையின் பணம் ஆனாலும், மனைவிக்கு வருவது வாழ்நாள் முழுதும் ‘அல்லது மறுமணம் வரை’. கணவரின் உழைப்பில் விளைந்தது என்றால், அவள் யாரோடு வாழ்கிறாள் என்று பார்ப்பது எதற்கு?

1916-இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார், சாதி அகமணத்தால் நிற்கிறது, அகமணம் கைம்பெண்ணைக் கட்டிப்போடுவதால் நிற்கிறது என்று. கொங்கு நாட்டில் உழைக்கும் சாதிகளில் கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதையே ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று இழிவாகச் சொன்னார்கள். 1975-இல் தமிழ்நாடு அரசு கைம்பெண் மறுமணத்துக்கு உதவித் திட்டமும் கொண்டுவந்தது, அதே ஆண்டில் மறுமணம் செய்தால் நின்றுபோகும் ஓய்வூதியமும் கொண்டுவந்தது. ஒரு கையால் வாழ்த்து, மறு கையால் வெட்டு. ஊனமுள்ள பெண்ணுக்கு ஒரு சின்ன வேறுபாடு உண்டு. ஊனத்துக்காக வரும் பணத்தில் ‘மறுமணம் வரை’ என்ற கயிறு இல்லை. எந்தப் பணம் என்று தேர்வு செய்யச் சொன்னால் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

களத்தில் என்ன செய்வது

காலனியில் ஒரு சாவு விழுந்தால் மாலையோடு நம் வேலை முடிவதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

இறந்தவருக்கு எப்போதாவது பி.எஃப். பிடித்தார்களா? ஒரு மாதம் சந்தா கட்டி, பணியில் இருக்கும்போது இறந்திருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய். படிவம் 10-டி. கூடவே வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம் வரை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் குடும்பங்களில் இது தெரியாமலே போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வேலையில் நடந்த சாவா? இ.எஸ்.ஐ. இருந்தால் சார்ந்தோர் உதவி. இல்லாவிட்டால் 1923 சட்டத்தின் வழி இழப்பீடு, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ‘சமாதானமாப் போயிடலாம்’ என்று கொடுக்கும் பணத்தை வாங்கி வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

மனைவிக்குச் சொந்தமாக இ.எஸ்.ஐ. அட்டை உண்டா? ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால் நோய்க்கால உதவி அவருடைய உரிமை. கணவரின் பணம் வருவது அதற்குத் தடையில்லை. ஒப்பந்ததாரர்கள் 78 நாள் ஆகாதபடி பெயரை நீக்கிச் சேர்க்கும் தந்திரத்தையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே ஊனமுற்றோர் பணம் வாங்கும் பெண் கைம்பெண் ஆனால், அவருடைய கணக்கைக் கைம்பெண் ஓய்வூதியமாக மாற்ற விடாதீர்கள். மாதம் 300 ரூபாய் போய்விடும், மறுமணக் கயிறும் வந்து சேரும்.

2020-இல் நாடாளுமன்றம் இ.எஸ்.ஐ., வைப்பு நிதி, 1923 சட்டம் உள்ளிட்ட 9 சட்டங்களை ஒரே சமூகப் பாதுகாப்புத் தொகுப்பாக ஆக்கியது. 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார்கள். பிரிவு எண்கள் மாறியிருக்கும். சட்டம் படிக்கும் மாணவர்கள் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, நம் சங்கங்களுக்கு ஒரு சிறு வெளியீடாகப் போட்டால் பெரிய உதவி.

இவை எல்லாம் இருக்கும் விதிக்குள் செய்யக்கூடியவை. விதியையே மாற்றக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளியான கைம்பெண்ணுக்கு இரண்டு ஓய்வூதியமும் சேர்த்துத் தரவேண்டும். மாநிலத்தின் பங்கு மாநில அரசின் கையில் இருக்கிறது. ஓர் அரசாணையில் தொடங்கக்கூடிய வேலை இது. உங்கள் ஒன்றியத்தில் இப்படி எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக எண்ணிப் பட்டியல் போடுங்கள். பட்டியல் இல்லாத கோரிக்கையை யாரும் கோப்பில் வைப்பதில்லை.

போன மாதம் அக்காவைப் பார்த்தேன். இடது கையால் துடைப்பம் பிடித்துக் களம் கூட்டிக்கொண்டிருந்தார். கொப்பரைக் களத்தில் பாதிக் கூலி வேலை. இந்த வரலாற்றை எல்லாம் அவருக்கு என்னால் முடிந்தவரை சொன்னேன். 1948, கோயம்புத்தூர் மில்லு, அம்பேத்கர், கடலை ஆலை எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப மில்லுக்காரிக்கு ரெண்டு கஷ்டம்னா ரெண்டுனு எழுதியிருக்குது. எனக்குந்தான் எழுதலை. எழுதச் சொல்லிக் கேளுங்க கண்ணு.”

கேட்போம்.

ஜெய் பீம்.